‘பரவாயில்லை’ என்ற நோரீன்

மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஓல்டர்ஷாவில் எதைப் பற்றி வேண்டுமானாலும் குறை சொல்லலாம். மழையைச் சொல்லலாம். வராத பஸ்ஸைச் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரன் வேலிச்செடியை வெட்டாமல் விட்டதை ஒரு மாதம் இழுத்து இழுத்துப் பேசலாம். டீ ஆறிப்போய் வந்தால் அது ஊர்ப் பிரச்சினை. தன் உடம்பைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. ‘எப்படி இருக்கீங்க?’ என்று ஒருவர் கேட்டால், கால் ஒடிந்து கிடந்தாலும் ‘பரவாயில்ல, நீங்க?’ என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், கேட்டவர் முகம் போகிற போக்கே சரியாக இருக்காது. இதைப் பெரிய பண்பாடு என்று மார்தட்டிக்கொள்கிறோம். பண்பாடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இந்தப் பாழாய்ப்போன பழக்கத்துக்கு நோரீன் கிரிம்ஷா தன் உயிரையே விலையாகக் கொடுக்கப் பார்த்தாள்.

நோரீனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கடைத்தெருவில் மேவிஸ் நடத்தும் முடிதிருத்தும் கடையில் கத்தரி பிடிக்கிற வேலை. ஊரில் பாதிப் பெண்களின் தலை அவள் கையில்தான் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலமும் ஞாயிறு காலையும் தேவாலயக் கோபுரத்தில் மணி அடிப்பாள். அவளுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பதினாலு வயதில் கோபுரத்துக்குள் நுழைந்தவள், கயிற்றைப் பிடித்த அன்றே அதில் மயங்கிவிட்டாள். ஆறு மணிகள், ஆறு கயிறுகள், ஆறு பேர் வட்டமாக நின்று, ஒவ்வொரு சுற்றிலும் வரிசையை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒருவர் பிசகினால் ஆறு பேரும் பிசகுவார்கள். அவளுடையது ஐந்தாம் மணி. இரண்டு எருமை கனம்.

அந்த மணியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மணி மேலே தலைகீழாக நின்று, முழு வட்டமாகச் சுழன்று அடிக்கும். கயிற்றின் நடுவில் கம்பளி சுற்றிய தடித்த பாகம் ஒன்று இருக்கும். அது இறங்கி வரும்போது பிடித்து இழுத்து, உடனே விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் மணி உங்களையும் கூட்டிக்கொண்டு மேலே போகும். முதல் நாள் கற்றுத்தருவது பிடிப்பதை அல்ல, விடுவதை.

போன வருஷத்துக்கு முந்தின வசந்தத்தில் அவளுக்கு இடது மார்பில் கட்டி கண்டுபிடித்தார்கள். அறுவை, பிறகு கதிர்வீச்சு. அந்த நாட்களில் ஊர் அருமையாக நடந்துகொண்டது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வாசலில் தினமும் யாராவது மூடிபோட்ட பாத்திரத்தில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்துவிட்டுப் போனார்கள். கதவைத் தட்டாமலேயே வைத்துவிட்டு ஓடினார்கள். தட்டினால் பேச வேண்டுமே.

கதிர்வீச்சு முடிந்ததும் பாத்திரங்கள் எல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பின. ஊர் கையைத் துடைத்துக்கொண்டது. நோரீனுக்கு மிஞ்சியது ஒரு மாத்திரை.

அவளுடைய புற்று பெண் ஹார்மோனைத் தின்று வளர்கிற சாதி. அந்தக் கட்டியின் உடம்பெல்லாம் ஹார்மோனைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் கொக்கிகள் இருந்தனவாம். மாதவிடாய் நின்ற பிறகும் பெண் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஹார்மோனைச் செய்துகொண்டேதான் இருக்கும். அந்தக் கொஞ்சத்தையும் செய்யவிடாமல் நிறுத்துவதுதான் மாத்திரையின் வேலை. எங்காவது ஒளிந்திருக்கிற ஒரு துளிப் புற்றுக்கும் தீனி கிடைக்கக் கூடாது. எலி செத்துவிட்டதா என்று தெரியாத வீட்டில் அரிசி மூட்டையைத் திறந்து வைப்போமா? அதே கணக்குத்தான். ஐந்து வருஷம், தினம் ஒன்று.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கோடி,” என்றாள் மேவிஸ், கடையில் துண்டுகளை மடித்துக்கொண்டே. “கீமோ இல்ல, ஒண்ணுமில்ல. ஒரே ஒரு மாத்திரதானே. என் பூனைகூட ரெண்டு சாப்பிடுது.”

“ஆமா,” என்றாள் நோரீன். அந்தப் பூனையின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

ஏனென்றால் அந்த ஒரே ஒரு மாத்திரை அவள் உடம்பை எடுத்துக்கொண்டது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கியபடியே இருக்கும், கோழிக்கால் மாதிரி. வெந்நீரில் ஊறவைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். வலது கை மோதிரவிரல் மடங்கினால் மாட்டிக்கொள்ளும். இன்னொரு கையால் இழுத்தால் ‘டக்’கென்று விடுபடும், உயிர் போகும். ஜாம் புட்டியைத் திறக்க முடியாது. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழைந்தால் வெளியே வராது. முழங்கால் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். இதற்கு நடுவில் கழுத்திலிருந்து உச்சந்தலை வரை குபீரென்று ஒரு வெக்கை ஏறும். வாடிக்கையாளர் தலையில் வேர்வை சொட்டிவிடுமோ என்று பயந்து பின்பக்கம் ஓடுவாள்.

குளிர்காலத்திலும் படுக்கையறை ஜன்னலை விரியத் திறந்து போட்டுத்தான் படுப்பாள். மலையிலிருந்து வருகிற காற்று நேரே உள்ளே வரும். அவள் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுக் கிடப்பாள். பக்கத்தில் அவள் கணவன் நெவில், கம்பளிக் குல்லாயும் காலுறையும் போட்டு, கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடப்பான். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். அதிகம் பேச மாட்டான். ஒருநாள் காலை ஜன்னல் விளிம்பில் இருந்த தண்ணீர்க் குவளையில் பனிக்கட்டி படிந்திருந்தது. அவன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஃப்ரிஜ்ஜ வித்துரலாம் போலருக்கு,” என்றான். அதோடு சரி.

நோரீன் எல்லோர் மேலும் கோபமாக இருந்தாள். மூடிகளை இறுக்கி மூடிவைக்கும் நெவில்மேல் கோபம். மேவிஸ்மேல் கோபம். பூனைமேல் கோபம். ‘நீ போராளி’ என்று வாழ்த்து அட்டை அனுப்பிய மைத்துனிமேல் சொல்ல முடியாத கோபம். ‘எதோட போராடறேன், ஜாம் புட்டியோடவா?’ என்று அந்த அட்டையைப் பார்த்துக் கேட்டாள். அட்டையிடம்தான் கேட்டாள், மைத்துனியிடம் ‘ரொம்ப நன்றி’ என்று போனில் சொன்னாள்.

யாரிடம் கோபப்பட வேண்டுமோ, யாரிடம் சொன்னால் காரியம் நடக்குமோ, அவளிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

அவள் பெர்னடெட். மருத்துவமனையில் மார்புப் புற்று நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ், அயர்லாந்துக்காரி. சில மாதங்களுக்கு ஒருமுறை நோரீன் போய் அவள் முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் நெவில்.

“எப்படி இருக்கீங்க நோரீன்? மாத்திரை ஒத்துக்குதா?” என்று பெர்னடெட் கணினித் திரையைப் பார்த்தபடி கேட்டாள்.

“பரவாயில்ல சிஸ்டர். நீங்க எப்படி இருக்கீங்க?”

“வலி கிலி ஏதாவது?”

“வயசாகுதில்ல, அங்க இங்க இருக்கத்தான் செய்யும். குறை சொல்ல ஒண்ணுமில்ல.”

பெர்னடெட் நெவில் பக்கம் திரும்பினாள். “என்ன நெவில், உண்மையா?”

நெவில் தொப்பியைக் கையில் சுழற்றினான். “ஜோரா இருக்கா,” என்றான்.

ஜோராம்! அன்று காலைதான் அவளுடைய ஜாக்கெட் பொத்தான்களை அவன் போட்டுவிட்டிருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையில் புருஷனும் பெண்டாட்டியும் கைகோத்துக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டால், வெளியே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டுவாள் நோரீன். அங்கே முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண், தலையில் முடியில்லாமல், மடியில் குழந்தையின் ஷூவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டி உள்ளே போய் ‘எனக்கு விரல் வலிக்குது’ என்று சொல்ல நாக்கு எழுமா? எழ வேண்டும். எழாததுதான் தப்பு. அடுத்தவள் தலை போகிறது என்பதற்காக என் விரல் வலிக்காமல் போய்விடுமா? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். எங்கள் ஊரில் பிறந்த பிள்ளை பசித்தாலும் ‘மன்னிக்கணும், உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா’ என்று காத்திருக்கும்.

அக்டோபர் மாதம், அறுவடைத் திருநாள் ஞாயிறு. தேவாலயம் முழுக்கப் பூசணியும் முட்டைக்கோசும் அடுக்கியிருந்தார்கள். கோபுரத்தில் ஆறு பேரும் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். கோபுரத் தலைவர் டெஸ்மண்ட், நில அளவைத் துறையில் இருந்தவர், எல்லாவற்றையும் அளந்து பேசுவார். அவர் குரல் கொடுத்ததும் மணிகள் கிளம்பின. நோரீன் இரண்டு சுற்று நன்றாகவே அடித்தாள். மூன்றாவது சுற்றில் கம்பளிப் பாகம் கைக்கு வந்தது. பிடித்தாள், இழுத்தாள், விடப் போனாள். விரல்கள் விடவில்லை.

அவளுக்கு விட வேண்டும் என்று தெரியும். நாற்பத்து நாலு வருஷமாகத் தெரியும். மோதிரவிரல் மடங்கி மாட்டிக்கொண்டுவிட்டது. கயிறு அவளைத் தூக்கியது. கால் தரையை விட்டு எழும்பியது.

“விடு! நோரீன், விட்டுரு!” என்று டெஸ்மண்ட் கத்தினார்.

விரல் ‘டக்’கென்று விடுபட்டது. அவள் ஓர் ஆள் உயரத்திலிருந்து மரத்தரையில் முழங்கை அடிபட விழுந்தாள். ஐந்தாம் மணி மேலே தறிகெட்டு ஆட, மற்ற மணிகள் ஒவ்வொன்றாக நின்றன. பக்கத்துக் கயிற்றில் நின்ற மேவிஸ் ஓடிவந்து தூக்கினாள்.

“ஒண்ணுமில்ல,” என்றாள் நோரீன். “பரவாயில்ல. கவனக்குறைவு.”

டெஸ்மண்ட் அடுத்த வியாழன் அவளைப் படிக்கட்டோரம் தனியாக அழைத்தார். குரலில் தேன் ஒழுகியது. “கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கம்மா. நீ பெரிய விஷயத்தத் தாண்டி வந்திருக்க. சும்மா வந்து எங்களோட உக்காரு. டீ போட்டுக் குடு. அது போதும்.”

“சரி டெஸ்மண்ட். நல்ல யோசனை,” என்றாள் நோரீன்.

டீ போடுவதாம்! அவள் வீடுவரை நடந்து வந்தாள். வழியில் எதிர்ப்பட்ட மூன்று பேர் ‘எப்படி இருக்கே’ என்று கேட்டார்கள், மூன்று பேருக்கும் பரவாயில்லை என்றாள். சமையலறைக்குள் வந்து, மாத்திரை அட்டையை எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பிதுக்கிக் கழிவறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டாள். பிதுக்கும்போதும் விரல் வலித்தது. அந்த வலிக்காகவே இன்னொரு அட்டையையும் காலி செய்தாள். ‘சாகறதுன்னா மணியடிச்சுக்கிட்டே சாகறேன்,’ என்று பீங்கானைப் பார்த்துச் சொன்னாள். அவள் வாயிலிருந்து அன்று உண்மையைக் கேட்ட ஒரே ஜீவன் அந்தக் கழிவறைதான்.

யாரிடமும் சொல்லவில்லை. மாதம் தவறாமல் மருந்துக்கடைக்குப் போய்ப் புதிய அட்டை வாங்கி வந்தாள். அவற்றுக்கும் அதே கதி.

நவம்பர் போவதற்குள் கை திரும்பிவிட்டது. ஒருநாள் காலை எழுந்து, யோசிக்காமல் ஜாம் புட்டியைத் திறந்துவிட்டு, திறந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று கவனித்தாள். கையை வெளிச்சத்தில் வைத்து மடக்கி நீட்டி மடக்கி நீட்டிப் பார்த்தாள். கத்தரி பழையபடி பாடியது. கிறிஸ்துமஸ் காலையில் டெஸ்மண்டிடம் போய், “ஐந்தாம் மணி எனக்கு,” என்றாள். அவர் தயங்கிப் பார்த்தார். அவள் கயிற்றை அவிழ்த்து நின்றுவிட்டாள். அன்று அவள் அடித்த அடியை ஊரே சிலாகித்தது. பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டதாம்.

“பாத்தியா, ஓய்வு எடுத்தா எல்லாம் சரியாயிடும்னு சொன்னேன்ல?” என்றார் டெஸ்மண்ட்.

“நீங்க சொன்னா தப்பாகுமா,” என்றாள் நோரீன். சந்தோஷமாகத்தான் இருந்தாள். அடிவயிற்றில் மட்டும் ஒரு கல் கிடந்தது. தலைவலி வந்தால் மூளைக்குப் பரவிவிட்டதோ, இருமினால் நுரையீரலோ என்று அந்தக் கல் உருளும். அவள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை. வெளியே பனி கொட்டியிருந்தது. நெவில் எழுந்து உட்கார்ந்து தலையைத் தடவினான். குல்லாய் இல்லை. எப்போது கழற்றினான் என்று நினைவில்லை. அறை கதகதப்பாக இருந்தது. ஜன்னலைப் பார்த்தான், மூடியிருந்தது. கொக்கியில் தூசி படிந்திருந்தது. பக்கத்தில் நோரீன் மூக்குவரை போர்த்திக்கொண்டு, காலை அவன் காலோடு ஒட்டிவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய பாதம் சில்லென்றிருந்தது. நோரீனுக்குக் குளிர்கிறது.

அவன் மெக்கானிக். ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றால் எது நின்றது என்று தேடுகிற புத்தி. கீழே போய் டீ போட்டான். அவள் இறங்கி வந்ததும் கோப்பையை அவள் முன்னால் வைத்தான்.

“எப்ப நிறுத்தின?”

“என்னத்த?”

“நோரீன்.”

அவள் டீயைக் குடித்தாள். “அறுவடை ஞாயிறுக்கப்புறம்.”

நெவில் எழுந்து வெளியே போனான். பனியில் நின்று காரைக் கழுவ ஆரம்பித்தான். வாளித் தண்ணீர் கார்மேலே உறைந்தது, அவன் நிறுத்தவில்லை. எங்கள் ஊர் ஆண்பிள்ளைக்கு அழுகை வந்தால் கார் சுத்தமாகும். நோரீன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. செருப்போடு பனியில் இறங்கினாள்.

“என்ன ஆளு நீ? திட்டறதுன்னா உள்ள வந்து திட்டு!”

“திட்டி என்ன ஆகப்போகுது.” அவன் துணியைப் பிழிந்தான். “கல்யாணமாகி முப்பத்தாறு வருஷமாச்சு. என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?”

“சொன்னா? நீ என்ன பண்ணியிருப்ப? குல்லா போட்டுக்கிட்டுப் படுப்ப! உன்கிட்ட சொல்றதும் இந்த வாளிகிட்ட சொல்றதும் ஒண்ணுதான்! எனக்குப் பொத்தான் போட்டுவிட்டுட்டு அந்த நர்ஸ்கிட்ட ‘ஜோரா இருக்கா’ன்னு சொன்னவன்தானே நீ!”

“நீ பரவாயில்லன்னு சொன்ன. உன்ன எப்படி நாலு பேர் முன்னால பொய்க்காரி ஆக்கறது?”

“ஆக்கியிருக்கணும்!”

எதிர்வீட்டுத் திரைச்சீலை அசைந்தது. இருவரும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பி, பழக்கதோஷத்தால் கையசைத்தார்கள். பிறகு நெவில் வாளியைக் கவிழ்த்தான்.

“நான் பெர்னடெட்டுக்குப் போன் பண்ணப்போறேன்,” என்றான். “நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நான் போய் உக்காருவேன்.”

அடுத்த வாரமே இடம் கிடைத்தது. காரில் போகும்போது நோரீன் சொன்னாள்: “நானே சொல்றேன். நீ வாயத் திறக்காத.” நெவில் தலையாட்டினான். வெளி நாற்காலிகளில் அன்றும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். முன்பு குழந்தையின் ஷூவோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண் இல்லை. அவளைப் பற்றி யோசிக்கக் கூடாதென்று நோரீன் தரையைப் பார்த்தபடி உள்ளே போனாள்.

“வாங்க வாங்க,” என்றாள் பெர்னடெட், திரையைத் தட்டிக்கொண்டே. “எப்படி இருக்கீங்க?”

“பரவாயில்ல சிஸ்டர். நீங்க?”

வாயிலிருந்து தானாக விழுந்துவிட்டது. தும்மல் மாதிரி. நெவில் அவளை அப்படியே திரும்பிப் பார்த்தான். பெர்னடெட் “நல்லது, நல்லது” என்று அடுத்த கேள்விக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த ‘நல்லது’தான் வெந்த புண்ணில் வேலாகப் பாய்ந்தது.

“நல்லதா?” என்றாள் நோரீன். எழுந்தே விட்டாள். “என்ன நல்லதைக் கண்டீங்க? ஒரு வருஷத்துக்கு மேல என் கை உயிரில்லாமக் கெடந்துச்சு! கயிறு என்னத் தூக்கிக் கடாசுச்சு! பொம்பளப் புள்ளைக்கு மாட்டிவிடற மாதிரி என் புருஷன் எனக்கு ஜாக்கெட் மாட்டிவிட்டான்! ராத்திரியெல்லாம் வெந்து செத்தேன், பகலெல்லாம் வலிச்சு செத்தேன். மாத்திரையத் தூக்கிக் கழிவறையில போட்டுட்டேன், அக்டோபர்லேர்ந்து ஒண்ணு முழுங்கல! இதுல உங்களுக்கு என்ன நல்லது?”

கதவுக்கு வெளியே இருந்த பேச்சுச் சத்தம் அப்படியே நின்றது. பெர்னடெட் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். முகம் சிவந்திருந்தது.

“இத ஏன் நீங்க முதல்லயே சொல்லல?”

“நீங்க கேட்ட அழகுக்கா? அந்தத் திரையப் பாத்துக்கிட்டே கேட்டீங்க. பரவாயில்லன்னதும் சந்தோஷமா அடுத்த ஆளக் கூப்பிட்டீங்க!”

“ஐயோ கடவுளே!” பெர்னடெட்டும் எழுந்துவிட்டாள். “இருவது வருஷமா இந்த ஊர்ல குப்ப கொட்டறேன். தலையக் கழட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு வந்து நின்னாலும் ‘பரவாயில்ல சிஸ்டர்’னுதான் சொல்லுவீங்க. எங்க அம்மா ஊர்ல கால் விரல் வலிச்சா பாதிரியார் வரைக்கும் தெரியும்! கை வலிக்குதுன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டாக்டர் அன்னிக்கே மாத்திரைய மாத்தியிருப்பார். இது ஒண்ணுதான்னு யார் சொன்னா? இதே வகையில வேற இருக்கு. அதுவும் ஒத்துக்கலன்னா வேற விதமா வேல செய்யற பழைய மாத்திரை ஒண்ணு இருக்கு. அது எங்க பிறந்துச்சு தெரியுமா? இதோ, மலைக்கு அந்தப் பக்கம்! பிள்ளை பிறக்காம இருக்க ஏதோ கண்டுபிடிக்கப் போயி, அது நடக்காம, இதுக்கு உதவுச்சு. உலகம் பூரா பொம்பளைங்க அத முழுங்கி உசுரோட இருக்காங்க. நீங்க இங்கேர்ந்து எட்டிப் பாத்தா தெரியற தூரத்துல உக்காந்துக்கிட்டு, வாயத் திறக்காம சாகப் பாத்தீங்க!”

இருவரும் மூச்சு வாங்கினார்கள். நெவில் தொப்பியைச் சுழற்றுவதை நிறுத்தியிருந்தான்.

முதலில் உட்கார்ந்தது பெர்னடெட்தான். “நீங்க சொன்னதும் நியாயம்தான்,” என்றாள் மெதுவாக. “வெளிய எத்தன பேர் உக்காந்திருக்காங்கன்னு பாத்தீங்கல்ல. நீங்க பரவாயில்லன்னு சொன்னது எனக்கும் வசதியா இருந்துச்சு. உங்க கையப் பிடிச்சுப் பாத்திருக்கணும்.” திரையை ஒரு பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டு, நோரீனின் வலது கையை இழுத்து மேசைமேல் வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள்.

டாக்டர் வந்தார். எலும்பைப் பற்றிக் கேட்டார், காலில் ரத்தக்கட்டு வந்ததுண்டா என்று கேட்டார், மலைக்கு அந்தப் பக்கம் பிறந்த அந்தப் பழைய மாத்திரையையே எழுதினார். மூட்டு இந்த அளவு வலிக்காது, வெக்கை மட்டும் திரும்ப வரலாம் என்றார். அவர் போன பிறகு நோரீன் கேட்டாள்:

“முழுங்காம விட்டேனே, இந்த மாசமெல்லாம். அதனால கெடுதல் ஆயிருக்குமா?”

பெர்னடெட் பொய் சொல்லவில்லை. “தெரியாது நோரீன். ஆகாமயும் இருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது.”

“எப்பத் தெரியும்?”

“தெரியாமயே போயிட்டா, அதுதான் நல்ல சேதி.”

நோரீன் கார் நிறுத்துமிடத்துக்கு விறுவிறுவென்று நடந்தாள். யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. டெஸ்மண்டையா, மேவிஸின் பூனையையா, தன்னை ‘அழாதே, யாராவது பார்க்கப்போறாங்க’ என்று வளர்த்த அம்மாவையா? அம்மா செத்து எத்தனையோ காலமாயிற்று. யார் கன்னத்தில் அறைந்தாலும் அந்த மாதங்கள் திரும்பி வரப்போவதில்லை. கார் டயரை ஓங்கி ஒரு உதை விட்டாள்.

“வலிக்குதா?” என்றான் நெவில்.

“ஆமா, வலிக்குது!” என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள் நோரீன். “ரொம்ப வலிக்குது!”

டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் நின்ற ஒரு கனவான் அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

அடுத்த வியாழன் கோபுரத்தில் டெஸ்மண்ட் வழக்கம்போல், “எப்படி இருக்கம்மா?” என்றார். நோரீன் சொன்னாள். விரலில் ஆரம்பித்து, வெக்கையைச் சொல்லி, கழிவறையைச் சொல்லி, பயத்தையும் சொன்னாள். பாதியில் நிறுத்தவில்லை. ஐந்து பேரும் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டெஸ்மண்டின் காது சிவந்தது. “கை எப்படி நடந்துக்கும்னு தெரியற வரைக்கும் ரெண்டாம் மணி அடிக்கறேன், அது லேசு,” என்று முடித்தாள். “திரும்ப ஐந்தாம் மணிக்கு எப்ப வரணும்னு நான்தான் சொல்லுவேன். டீயை நீங்க போடுங்க.” மேவிஸ் மட்டும் மணி அடித்து முடிந்து படியிறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பூனையைப் பற்றிப் பேசவில்லை.

டாக்டர் சொன்னபடியே நடந்தது. விரல்கள் காலையில் கொஞ்சம் முரண்டு பிடித்தன, பிறகு வழிக்கு வந்தன. வெக்கை மட்டும் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

பிப்ரவரிக் கடைசி, ஞாயிற்றுக்கிழமை காலை. மணியடிக்கப் போக இன்னும் நேரமிருந்தது. ஜன்னல் விரியத் திறந்து கிடந்தது. மலையிலிருந்து வந்த காற்றில் திரைச்சீலை கூரைவரை பறந்தது, விளிம்பில் பனித்தூள் சேர்ந்திருந்தது. நோரீன் போர்வையை உதைத்துவிட்டு மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் கட்டில் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தாள். நெவில் குல்லாயைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, மேல்கோட்டோடு படுத்திருந்தான். பல் தந்தியடித்தது.

“குளிருதா?” என்றாள்.

“பரவாயில்ல.”

நோரீன் முழங்கையை ஊன்றி எழுந்தாள். “நெவில். உண்மையச் சொல்லு.”

அவன் குல்லாயைத் தூக்கி ஒரு கண்ணால் அவளைப் பார்த்தான். அப்புறம் அந்த ஜன்னலைப் பார்த்தான்.

“செத்துருவேன் போலக் குளிருது,” என்றான். “மூடிராத.”